வெண்கட்டி வட்டமும் விருந்து நெறியாளரும்: லக்கலப் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு நோக்கு

நாடகம் ஏட்டில் எழுதப்பெற்ற இலக்கியமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. ஒரு சமூகம் ஓரிடத்திற் கூடி நிகழ்த்தும் வினையாகவும் அது விளங்குகின்றது. ஆதலின், கவிதையொன்று மொழிபெயர்க்கப்படும்போது எழாத சில வினாக்கள் நாடகமொன்று தழுவப்படும்போது எழுகின்றன. அது யார் மொழியில் நிகழ்கின்றது, யார் ஆடுகின்றனர், யார் பார்க்கின்றனர், ஆட்டம் முடிந்த பின்னர் யாரிடம் தங்குகின்றது என்பன அவ்வினாக்கள். ஒரு நாட்டு நெறியாளர் பிறிதொரு நாட்டுக்கு விருந்தினராகச் சென்று, சில மாதங்கள் தங்கி, அந்நாட்டுக் கலைஞரோடு கூடி ஒரு நாடகத்தை அவர்தம் மொழியில் உருவாக்கும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ப் பரவலாயிற்று. அரசுகளுக்கிடையிலான பண்பாட்டு ஒப்பந்தங்களும், அறக்கட்டளைகளின் புலமைப்பரிசில்களும், பல்கலைக்கழகங்களின் அழைப்புகளும் இதற்கு வழிசெய்தன. இவ்வழக்கினால் விளைந்த நாடகங்களை எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விருந்து நெறியாளரின் புகழைக் கொண்டோ, மேடையேற்றத்தின் பொலிவைக் கொண்டோ இம்மதிப்பீட்டைச் செய்தல் போதாது. வந்தவர் நாடகத்தை இடத்துக்கேற்ப மாற்றினாரா என்று கேட்பதும் பாதி வினாவே. அவ்விடத்தின் வழக்கு ஒன்று நாடகத்துக்குள் நுழைவதற்கு அவர் இடமளித்தாரா, அவர் போன பின்னர் அவ்விடத்தார் கையில் எஞ்சியது யாது என்பனவே முழுவினாவாகும். இதனை விளக்குவதற்குப் பேர்டோல்ட் பிரெக்டின் 'கொக்கேசிய வெண்கட்டி வட்டம்' என்னும் நாடகம் பெரிதும் உதவும். அந்நாடகமே உரிமை பற்றிய வழக்கொன்றைப் பொருளாகக் கொண்டது. அதுவே பல நாடுகளுக்குப் பயணம் செய்தும் இருக்கின்றது.

கதையின் பயணம்

வெண்கட்டி வட்டம் பிரெக்டின் கற்பனையிற் பிறந்த கதையன்று. சீனத்தில் யுவான் அரசர் காலத்தில் லி சிங்தாவ் எழுதிய நாடகம் அதன் மூலமாகும். அதனைத் தழுவி ஜெர்மானியக் கவிஞர் கிளாபுண்ட் 1925இல் ஒரு நாடகம் எழுதினார். இட்லரின் ஆட்சிக்கு அஞ்சி நாடு நாடாக அலைந்த பிரெக்ட், 1940இல் இக்கதையைத் தம் பிறந்த ஊராகிய அவுக்ஸ்பேர்க்கிற் பொருத்திச் சிறுகதையாக்கினார். பின்னர் அமெரிக்காவில் ஏதிலியாக வாழ்ந்தபோது, 1944இல் அதனைக் கொக்கேசிய மலைநாட்டில் நிகழ்வதாக நாடகமாக்கினார். 1948இல் அமெரிக்கக் கல்லூரியொன்றின் மாணவரே ஆங்கில மொழிபெயர்ப்பில் இதனை முதலில் அரங்கேற்றினர். ஜெர்மன் மொழியில் பிரெக்டின் சொந்தக் குழுவாகிய பேர்லினர் ஆன்சாம்பிள் 1954இல் மேடையேற்றியது. எனவே இந்நாடகம் எழுதப்பெற்ற நாளிலேயே தழுவலாகவும், விருந்தினன் ஒருவன் அயல்நாட்டில் இருந்து எழுதியதாகவும் அமைந்துவிட்டது.

நம் நாட்டினர்க்கும் இக்கதை புதியதன்று. சாதகக் கதைகளுள் மகா உம்மக்க சாதகத்தில் மகோசதர் என்னும் அறிஞர் தீர்க்கும் வழக்குகளுள் ஒன்று இதனோடு ஒத்தது. பிள்ளையைக் கவர்ந்த இயக்கியும் பெற்றவளும் வழக்காட, நிலத்திற் கோடொன்று கிழித்துப் பிள்ளையை நடுவிற் கிடத்தி இருவரையும் இழுக்குமாறு பணிக்கின்றார் மகோசதர். பிள்ளை நோவால் அழுவது கண்டு கைவிட்டவளே தாய் எனத் தீர்ப்பு அமைகின்றது. விவிலியத்தில் சாலமன் மன்னன் அளித்த தீர்ப்பும் இவ்வகையினதே. இவையனைத்திலும் பெற்றவளே தாய். பிரெக்ட் செய்த மாற்றம் இங்கேதான் உள்ளது. கிளர்ச்சியின்போது தன் ஆடைகளைத் தெரிந்தெடுப்பதிற் காலம் போக்கிப் பிள்ளையை மறந்து தப்பியோடிய ஆளுநரின் மனைவியைப் புறந்தள்ளி, அப்பிள்ளையை எடுத்து மலையும் பள்ளமும் கடந்து வளர்த்த வேலைக்காரி குரூஷாவுக்கே நீதிபதி அஸ்தாக் பிள்ளையை உரிமையாக்குகின்றான். பேணுபவர்க்கே பொருள் உரியது என்பது நாடகத்தின் கொள்கை.

இக்கொள்கையை நாடகத்தின் வரலாற்றின் மீதே நாம் திருப்பிப் பார்க்கலாம். கதையும் ஒரு பிள்ளையே. சீனரும் பௌத்தரும் யூதரும் பெற்ற அப்பிள்ளையைப் பிரெக்ட் எடுத்து வளர்த்தார். அவரிடமிருந்து பிறர் எடுத்து வளர்த்தனர்.

மும்பை 1973

விருந்து நெறியாளர் என்னும் நிலையை நம் அண்டை நாட்டில் மிகத் தெளிவாகக் காட்டியவர் கிழக்கு ஜெர்மனியின் வைமார் தேசிய அரங்கைச் சேர்ந்த பிரிட்ஸ் பென்னவிட்ஸ். 1970இல் தில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியில் பிரெக்டின் 'மூன்று காசு இசை நாடக'த்தை உருவாக்க அவர் இந்தியா வந்தார். அதன்பின் 1995இல் மறையும் வரையுள்ள காலத்தில் பலமுறை வந்து பல மொழிகளில் நாடகங்களை நெறிப்படுத்தினார். பிலிப்பைன்சு போன்ற ஆசிய நாடுகளிலும் அவர் பணிபுரிந்துள்ளார். இப்பயணங்களின் பின்னணியில் அரசியல் நோக்கும் இருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. உலக நாடுகளின் அங்கீகாரத்தை நாடிநின்ற கிழக்கு ஜெர்மன் அரசுக்குப் பிரெக்ட் ஒரு பண்பாட்டுத் தூதராகப் பயன்பட்டார். இலங்கை அவ்வரசை 1970இலும் இந்தியா 1972இலும் அங்கீகரித்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ஆயினும் அரசொன்றின் நோக்கம் கலைஞனின் செயலை முழுவதும் தீர்மானித்துவிடுவதில்லை. 1973இல் மும்பையில் 'அஜப் நியாய வர்துளாசா' என்னும் பெயரில் மராத்தியில் உருவான வெண்கட்டி வட்டம் இதற்குச் சான்றாகும். இதனை மராத்தியில் ஆக்கியவர் கவிஞரும் நாடகாசிரியருமாகிய சி. த்ர்யம்பக கானோல்கர். பென்னவிட்சுடன் இணைந்து இதனை உருவாக்கியவர் மராத்திய அரங்கின் தலைசிறந்த நெறியாளருள் ஒருவராகிய விஜயா மேத்தா. மராத்திய மக்கள் அரங்கின் பாட்டும் ஆட்டமும் கதைசொல்லும் முறையும் நாடகத்தினுள் இடம்பெற்றன. பிரெக்டின் பாடகன், இந்தியக் கூத்து மரபினர்க்கு நன்கு பழகிய சூத்திரதாரனாக மாறினான். மாறினான் என்பதினும், தன் வீட்டுக்குத் திரும்பினான் என்றலே பொருந்தும். ஏனெனில், பாத்திரத்தோடு ஒன்றிவிடாது கதையை எடுத்துரைக்கும் முறையைப் பிரெக்ட் கீழைத்தேய அரங்குகளிலிருந்தே, சிறப்பாகச் சீன நடிப்பு முறையைக் கண்டே, தம் கோட்பாட்டுக்கு வலுச்சேர்க்கும் சான்றாகக் கொண்டார்.

இம்முயற்சியின் சிறப்பு யாது? பென்னவிட்சுக்கு மராத்தி மொழி தெரியாது. மொழி தெரியாத நெறியாளர் எதனை நெறிப்படுத்த முடியும்? காட்சியின் கட்டுக்கோப்பு, பாத்திரங்களின் சமூக நிலை, ஒவ்வொரு செயலுக்கும் பின்னாலுள்ள நலன் ஆகியவற்றை அவர் ஆராயலாம். ஆனால் ஒரு சொல் அவையிற் சிரிப்பை எழுப்புமா, வெறுப்பை எழுப்புமா என்பதை விருந்தளிப்பவரே அறிவார். ஆகவே, மொழியறியாமை என்னும் குறையே இங்கு ஒரு காப்பாயிற்று. அறியாதவர் அறிந்தவரிடம் கேட்டாக வேண்டும். விருந்து நெறியாளர் வலுவான இணை நெறியாளரைப் பெற்றவிடத்து இக்குறை பயன்தருகின்றது. மொழிபெயர்ப்பாளரை மட்டும் பெற்றவிடத்து நாடகம் அயலானின் கட்டளையாகச் சுருங்கிவிடுகின்றது.

மும்பை முயற்சியில் மற்றொரு சிறப்பும் உண்டு. கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதாக நிற்கவில்லை. மராத்தி வெண்கட்டி வட்டம் கிழக்கு ஜெர்மனிக்குச் சென்று அந்நாட்டவர் முன் ஆடப்பெற்றது. விசாகதத்தரின் முத்திராராட்சசமும் இவ்விருவர் கூட்டுறவில் உருவாயிற்று. 1984இல் விஜயா மேத்தா வைமாருக்கு விருந்து நெறியாளராகச் சென்று, கிரீஷ் கர்னாடின் 'ஹயவதன'த்தை ஜெர்மானிய நடிகரைக் கொண்டு மேடையேற்றினார். விருந்தளித்தவர் விருந்தினராகவும், விருந்தினர் விருந்தளிப்பவராகவும் மாறினர். இத்தகைய மாற்றம் நிகழாதவிடத்து எத்துணைப் பெரிய கலைஞனின் முயற்சியும் ஐயத்துக்கு இடமாகின்றது. 1985இல் பிரான்சின் அவிஞ்ஞோன் விழாவில் பீற்றர் புறூக் நிகழ்த்திய ஒன்பது மணிநேர மகாபாரதம் காட்சியமைப்பாற் பலரையும் கவர்ந்தது. எனினும் கதையை எடுத்தவர் அதன் சமூக, சமயச் சூழலை விட்டுவிட்டார் என்றும், எடுத்த இடத்துக்கு எதனையும் திருப்பவில்லை என்றும் ருஸ்தம் பருச்சா போன்ற இந்தியத் திறனாய்வாளர் கண்டித்தனர். அக்கண்டனம் முழுவதையும் ஏற்காதாரும், அது எழுப்பிய வினாவைத் தள்ளிவிட இயலாது.

நம் நாட்டு அனுபவம்

இலங்கையில் இப்பிரச்சினை வேறு வடிவில் தோன்றியது. இங்கு வெளிநாட்டு நெறியாளர் வந்து நாடகம் செய்ததைக் காட்டிலும், நம்மவர் வெளிநாடு சென்று மீண்டு தம் ஊர்களுக்கே விருந்தினராகச் சென்றமை பெரிய விளைவுகளைத் தந்தது. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1955இல் றொக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு யப்பான் சென்று நோ, கபூகி ஆகிய மரபரங்குகளை நேரிற் கண்டார். ஐரோப்பிய இயற்பண்பு நாடகத்தின் வழி செல்லாமலே உயர்ந்த அரங்கொன்று இயலும் என்பதை அப்பயணம் அவருக்குத் தெளிவாக்கிற்று. ஆனால் அவர் நோ நாடகத்தைச் சிங்களத்தில் எழுதவில்லை. தென்னிலங்கையில் வழங்கிய நாடகம் என்னும் கூத்து வடிவை நாடிச் சென்றார். சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சே என்னும் மரபுக் கலைஞரின் துணையோடு 'மனமே'யை உருவாக்கினார். 1956 நவம்பர் 3ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் அது மேடையேறியபோது சிங்கள நாடகம் புதுத்திசையிற் சென்றது. அந்நாடகம் என்னும் வடிவம் தமிழ்க் கூத்து மரபோடு நெருங்கிய உறவுடையது என்பது அறிஞர் கண்ட உண்மை. ஆகவே யப்பானுக்குச் சென்ற பயணம் சரச்சந்திரவை அண்டை வீட்டின் முற்றத்துக்கே கொண்டுவந்து சேர்த்தது எனலாம்.

இதே பேராதனை வளாகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் கர்ணன் போர் மேடையேறியது. தொடர்ந்து நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியவை உருவாயின. கிராமத்து அண்ணாவிமாரின் அறிவும், சி. மௌனகுரு போன்ற மாணவரின் ஆற்றலும் இம்முயற்சியில் ஒன்றுசேர்ந்தன. படித்தோரால் இழித்து நோக்கப்பட்ட கூத்து, ஒரு சமூகத்தின் கலைச்செல்வம் என ஏற்கப்பட்டது. இது சிறிய சாதனையன்று. ஆயினும் இரவு முழுதும் ஆடப்பெற்ற கூத்து ஏறத்தாழ இரண்டு மணி நேரமாகச் சுருங்கிற்று. நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருந்த வட்டக்களரி, ஒருபுறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையாயிற்று. ஊரவர் ஊரவரைப் பார்த்த நிலை மாறி, நகரத்தவர் கலையைப் பார்க்கும் நிலை தோன்றிற்று.

இச்சுருக்கத்தைப் பற்றிய விவாதம் இன்றும் தொடர்கின்றது. பிற்காலத்தில் மட்டக்களப்பில் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், கூத்தைக் களரிக்கு வெளியே கொண்டுசென்று செப்பனிடுவதை விடுத்து, ஆடுகின்ற ஊராரே தம் களரியில் கூடிப் பேசித் தம் கூத்தின் பாடத்தையும் வழக்கங்களையும் மாற்ற வேண்டும் என்னும் நிலைப்பாட்டை மேற்கொண்டது. வித்தியானந்தனின் செம்மையாக்கத்தையும் இம்மீளுருவாக்கத்தையும் எதிரெதிர் நிறுத்திப் பேசுவது வழக்கமாயிற்று. உண்மையில் முன்னது பெற்றுத்தந்த மதிப்பின்றிப் பின்னது இத்துணை எளிதில் எழுந்திருக்க இயலாது. பின்னது எழுப்பும் வினாவின்றி முன்னதன் எல்லையும் நமக்குப் புலப்படாது.

பிரெக்டின் நாடகம் சிங்களத்தில் ஹென்றி ஜயசேனவால் 'ஹுணுவட்டயே கதாவ' என்னும் பெயரில் 1967இல் மேடையேறியது. ஜயசேன அஸ்தாக்காகவும் மானெல் ஜயசேன குரூஷாவாகவும் நடித்த அந்நாடகம் பல்லாண்டுகள் ஆடப்பெற்றது. மனமே திறந்த வழியிற் பழகிய அவையினர்க்குப் பாடகனும் குழுப்பாடலும் அந்நியமாகத் தோன்றவில்லை. விருந்து நெறியாளர் எவரும் வராமலே ஆங்கிலத்தின் வழி ஒரு நாடகம் இத்துணை ஆழமாக வேரூன்றியமை, நிலம் முன்னரே பண்படுத்தப்பட்டிருந்ததைக் காட்டுகின்றது. ஈழத்துத் தமிழ் அரங்கிலும் பாலேந்திராவின் நெறியாள்கையில் அவைக்காற்றுக் கலைக்கழகம் பிரெக்டின் வேறொரு நாடகத்தை 'யுகதர்மம்' எனத் தமிழில் ஆடிற்று.

விடுபடும் முகப்புக் காட்சி

வெண்கட்டி வட்டத்தின் தழுவல்களை ஆராய்வோர் ஒரு செய்தியைக் கவனித்தல் வேண்டும். பிள்ளைக்கான வழக்கு, நாடகத்துக்குள் நிகழும் நாடகமே. அதற்கு முன்னர் ஒரு முகப்புக் காட்சி உண்டு. போர் முடிந்தபின் இரு கூட்டுப்பண்ணையினர் ஒரு பள்ளத்தாக்குக்காக வாதிடுகின்றனர். ஆடு வளர்ப்போர் முன்னர் அங்கு வாழ்ந்தவர். பகைவர் படை நெருங்கியபோது அரசின் பணிப்பால் வெளியேறியவர். பழம் பயிரிடுவோரோ அணைகட்டி நீர் தேக்கித் தரிசு நிலத்தைப் பண்படுத்தத் திட்டம் வரைந்திருக்கின்றனர். விவாதத்தின் முடிவில் பள்ளத்தாக்கு, நீர் பாய்ச்சுவோர்க்கு விடப்படுகின்றது. அந்த உடன்பாட்டைக் கொண்டாடவே பாடகன் வெண்கட்டி வட்டக் கதையை நிகழ்த்துகின்றான்.

இக்காட்சியைப் பல மேடையேற்றங்கள் விட்டுவிட்டன. 1948இன் அமெரிக்க அரங்கேற்றமே இதனை விடுத்தது. பொதுவுடைமைப் பிரசாரம் என்னும் அச்சம் அங்குக் காரணமாயிற்று. பிற இடங்களில் அயல்நாட்டுக் கூட்டுப்பண்ணை அவையினர்க்கு விளங்காது என்பது காரணமாயிற்று. ஆனால் முகப்புக் காட்சியை நீக்கினால் நாடகம் நல்ல தாய், தீய தாய் பற்றிய நீதிக்கதையாகிவிடும். பிள்ளை என்பது நிலத்துக்கு நிற்கும் உவமை என்னும் செய்தி மறைந்துவிடும். உவமேயத்தை அறுத்துவிட்டு உவமையை மட்டும் ஆடுவதற்கு இஃது ஒக்கும்.

அக்காட்சியில் மற்றொரு நயமான செய்தியும் உண்டு. தலைநகரிலிருந்து வந்த அரச அதிகாரி, நாடகத்தைச் சுருக்க முடியாதா என்று கேட்கின்றார். பாடகன் இயலாதென்று மறுத்துவிடுகின்றான். கூத்தைச் சுருக்குவது பற்றி நாம் நடத்திவரும் விவாதம் முழுவதும் இச்சிறு உரையாடலில் அடங்கியிருக்கின்றது. அவசரம் வெளியிலிருந்து வருபவனுக்கே உரியது. ஆடுவோர்க்கு நேரம் உண்டு.

லக்கலயில் வைத்துப் பார்த்தல்

மாத்தளை மாவட்டத்தின் லக்கல, நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவை அடுத்த பழம்பகுதி. அதன் பல்லேகம என்னுமிடத்தை அடுத்து, அம்பன் கங்கையோடு சேரும் களு கங்கை மறிக்கப்பட்டு நீர்த்தேக்கமாயிற்று. (இரத்தினபுரி வழியாகப் பாயும் அதே பெயருடைய ஆறு வேறு.) மொரகஹகந்த, களு கங்கை அபிவிருத்தித் திட்டம் 2007இல் தொடங்கப்பெற்றது. 2018இல் களு கங்கையில் நீர் தேக்கும் பணி ஆரம்பமாயிற்று. அவ்வாண்டிலேயே, நீருள் அமிழவிருந்த பழைய நகருக்கு மாற்றாகப் புதிய லக்கல நகர் திறந்துவைக்கப்பட்டது. தேக்கிய நீர் வடமத்திய மாகாணம் முதலிய உலர்வலயப் பகுதிகளின் வயல்களுக்கும் குடிநீர்த் தேவைக்கும் உரியது.

பிரெக்டின் முகப்புக் காட்சி இங்கு உவமையாகவன்றி நாட்டு வரலாறாகவே கிடக்கின்றது. பள்ளத்தாக்கு உண்டு; அணை உண்டு; விட்டுச் சென்றவர் உண்டு; நீர் பெறுவோர் உண்டு. நாளை ஒரு விருந்து நெறியாளர் இங்கு வந்து தங்கி வெண்கட்டி வட்டத்தை ஊராரோடு உருவாக்க விரும்பினால் என்ன நேரும்? இது நிகழ்ந்த செய்தியன்று. நாடகத்தின் வலிமையை அளந்தறிவதற்காக மேற்கொள்ளும் திறனாய்வுச் சோதனையே.

முகப்புக் காட்சியை அவர் நீக்கினால், தம்முன் அமர்ந்திருக்கும் அவையினரின் வாழ்வையே நீக்கியவராவார். உள்ளபடியே ஆடினாலோ வேறொரு இடர் எழும். பிரெக்டின் காட்சியில் பள்ளத்தாக்கை விடுபவரும் பெறுபவரும் ஒரே இடத்தில் அமர்ந்து, ஒருவர் முகம் ஒருவர் பார்த்து வாதிடுகின்றனர். ஆடு வளர்க்கும் முதியவர், புதிய இடத்துப் புல்லினாற் பாற்கட்டியின் சுவை கெட்டதென்று முறையிடுகின்றார். அம்முறையீட்டை மற்றவர் கேட்டுச் சுவைத்துப் பார்க்கின்றனர். லக்கலயில் நிலம் விட்டவர்க்கும் நீர் பெறுபவர்க்கும் இடையில் பல மைல் தூரம் உண்டு. ஒருவர் இழந்ததை மற்றவர் சுவைத்துப் பார்க்க வழியில்லை. மாற்று நிலமும் புதிய நகரும் இழப்பின் ஒரு பகுதியையே ஈடுசெய்யும். வழிவழி உழுத வயலின் மண்ணறிவு, அறுவடைக்குப் பின் ஊர் கூடிய களத்துமேடு, மூதாதையர் புதைந்த நிலம் ஆகியவற்றுக்குக் கணக்கேட்டில் இடமில்லை.

இதனினும் ஆழ்ந்த இடர் தீர்ப்பில் உள்ளது. பேணுபவர்க்கே உரியது என்னும் அஸ்தாக்கின் தீர்ப்பு, பெற்றவள் பேணாதவளாய் இருத்தலாலேயே எளிதாகின்றது. ஆளுநரின் மனைவிக்கு எவரும் இரங்குவதில்லை. லக்கலயிலோ பள்ளத்தாக்கைத் தலைமுறை தலைமுறையாகப் பேணியவர் ஒருபுறம் நிற்கின்றனர். வறண்ட நிலத்தில் நீருக்காக ஏங்கி, ஒவ்வொரு போகமும் குளத்தைப் பார்த்துப் பயிரிடும் உழவர் மறுபுறம் நிற்கின்றனர். இரு புறத்தும் நிற்பவள் குரூஷாவே. வட்டத்தினுள் நிற்கும் பிள்ளையை இருவரும் இழுக்க மாட்டார். இருவரும் கைவிடவும் மாட்டார். பிரெக்டின் சோதனை இவ்விடத்திற் பயன்படாது. நன்மைக்கும் தீமைக்கும் இடையிலான வழக்கைத் தீர்க்கவல்ல நாடகம், இரு நன்மைகளுக்கு இடையிலான வழக்கின் முன் தடுமாறுகின்றது.

இத்தடுமாற்றமே நல்ல தழுவலுக்குரிய வாயில் என்பது என் கருத்து. பெயரையும் உடையையும் மாற்றி, மேளத்தையும் ஆட்டத்தையும் சேர்த்து, கொக்கேசியத்தை மலையகமாக்குவது மேற்புறத் தழுவல். மூலநாடகத்தின் தீர்ப்பு எவ்விடத்திற் போதாமற் போகின்றதோ அவ்விடத்தை அவையின் முன் வைப்பதே உட்புறத் தழுவல். அங்ஙனம் வைக்க விரும்பும் நெறியாளருக்கு மலைநாட்டு மரபே உதவும். மலைநாட்டுச் சிங்களக் கிராமங்களில் அறுவடைக்குப் பின் களத்துமேட்டில் ஆடப்பெற்ற சொக்கரி என்னும் நாட்டார் கூத்தைச் சரச்சந்திர தம் நாட்டார் நாடக ஆய்வில் விரிவாக ஆராய்ந்துள்ளார். கடல் கடந்து வந்த குருகாமியும் அவன் மனைவி சொக்கரியும் ஏவலனும் அதன் பாத்திரங்கள். பிள்ளைப்பேற்றை நாடி வந்தவள் உள்ளூர் வைத்தியனோடு சென்றுவிடுதலும், மீண்டு வருதலும், நகையும் நையாண்டியுமாக நடித்துக்காட்டப்படும். பத்தினித் தெய்வ வழிபாட்டோடு இக்கூத்துத் தொடர்புடையது. அப்பத்தினியே நம் கண்ணகி என்பதைக் கூற வேண்டியதில்லை. அயலிலிருந்து வந்தவர், பிள்ளை, உரிமை, ஊர் என்னும் அதே பொருள்கள் இங்கும் உள்ளன. ஆனால் சொக்கரியில் நீதிபதி இல்லை. ஊர் சிரித்துக்கொண்டே எல்லோரையும் ஏற்றுக்கொள்கின்றது. அஸ்தாக்கின் தீர்ப்புக்கு அப்பால் ஒரு வழி உண்டென்பதைக் களத்துமேடு முன்னரே அறிந்திருக்கின்றது.

இதனை வெளியிலிருந்து வருபவர் தாமே கண்டுபிடித்தல் அரிது. கூத்தறிந்த மூத்தோர் ஒருவர் இணை நெறியாளராய், ஊதியத்திலும் பெயரிலும் சமநிலையில் நிற்றல் வேண்டும். பயிற்சிக்காலம் வந்தவரின் விமானச்சீட்டுக்கேற்ப அமையாமல் வேளாண்மைக் காலத்துக்கேற்ப அமைதல் வேண்டும். நாடகம் மேட்டுநிலத்தில் குடியேறியோர் முன் ஆடப்பெற்ற பின்னர், நீர் பாயும் ஊர்களுக்கும் சென்று ஆடப்படல் வேண்டும். அப்போதுதான் பிரெக்டின் காட்சியில் ஒரே இடத்தில் அமர்ந்த இரு கூட்டத்தாரும் நாடகத்தின் வழியாகவேனும் ஒருவரையொருவர் காண்பர்.

இச்சிந்தனை தமிழ் மாணவர்க்கு எவ்வகையிற் பொருந்தும் என்று வினவலாம். மாத்தளை மாவட்டத் தோட்டங்களில் வாழும் நம் மக்கள் காமன் கூத்தை இன்றும் போற்றுகின்றனர். பல்கலைக்கழகத்திலிருந்து ஒலிப்பதிவுக் கருவியோடு தோட்டத்துக்குச் செல்லும் ஆய்வு மாணவனும் ஒரு விருந்தினனே. மொழி ஒன்றாயிருத்தல் அவனை ஊரானாக்கிவிடாது. மும்பையில் பென்னவிட்சுக்கு மொழியறியாமை காப்பாயிற்று. நமக்கோ மொழியறிவே, எல்லாம் அறிவோம் என்னும் மயக்கத்தைத் தந்துவிடக்கூடும். எடுத்துவந்த பாடலும் படியெடுத்த ஏடும் தோட்டத்துக்குத் திரும்பிச் செல்கின்றனவா, பட்டச் சான்றிதழோடு முடிந்துவிடுகின்றனவா என்பதை நாம் நம்மையே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

மனமேயின் குருநான்சேயும், கர்ணன் போரின் அண்ணாவிமாரும், மும்பையின் விஜயா மேத்தாவும் ஒரே உண்மையைக் காட்டுகின்றனர். விருந்து நெறியாளரின் ஆற்றல் எத்துணைப் பெரிதாயினும், நாடகம் வேரூன்றுவது விருந்தளிப்பவரின் நிலத்திலேயே. நாடகம் யாருடையது என்று இழுத்துப் பார்க்கும் சோதனையினால் நாம் பெறுவது சிறிது. வந்தவரும் இருந்தவரும் இருவருமே அதனைப் பேணியவர் எனின், வட்டத்தை அழித்துவிட்டு, பிள்ளை எவ்விடத்தில் நன்கு வளரும் என்று கூடியிருந்து பேசுவதே முறை. அப்பேச்சுக்கு நேரம் பிடிக்கும். அதனைச் சுருக்க இயலாது.